வாள் ஐந்து: சண்டையையும் சமாதானத்தையும் சேர்த்துச் சொல்லும் டாரட் கார்டை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, குறி பார்க்கும் டாரட் சீட்டைக் கலைத்து எடுக்கும்போது வாள் ஐந்து வந்து விழுந்தால், பலரும் முதலில் கேட்பது "அப்போ நான் ஜெயிப்பேனா, தோற்பேனா?" என்றுதான். இந்தக் கார்டிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. படத்தில் சண்டை ஏற்கெனவே முடிந்துவிட்டது. யார் கை ஓங்கியது என்பதும் பார்த்தவுடனே தெரிகிறது. இனி அந்தப் படத்திலுள்ள மூன்று பேரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுவார்களா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

இணக்கம், அன்பு என்றாலே கோப்பை இரண்டையும் நிதானம் கார்டையும் சொல்வார்கள். அவை ஒத்துப்போன பிறகு இருக்கும் நிலையைக் காட்டுபவை. அந்த நிலைக்கு வர யார் எதைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்வது வாள் ஐந்து. அதனால்தான் பிணக்கு பற்றிய வாசிப்பில் இது வந்தால் நான் கெட்ட கார்டு என்று ஒதுக்குவதில்லை. ஆனால் அவசரமாக வாசித்தால் ஆளைக் குழப்பிவிடும், எனவே படிப்படியாகப் போகலாம்.

கொஞ்சம் பின்னணி

டாரட் கட்டில் 78 கார்டுகள். 22 மேஜர் ஆர்க்கனா (நிதானம், நீதி போலத் தனிப் பெயருள்ள பெரிய கார்டுகள்), மீதி 56 மைனர் ஆர்க்கனா (சிறிய கார்டுகள்). மைனரில் கோல், கோப்பை, வாள், நாணயம் என நான்கு குலங்கள், குலத்துக்கு 14 கார்டு. இதில் வாள் காற்றைச் சேர்ந்தது: எண்ணம், பேச்சு, வாதம், முடிவெடுப்பது எல்லாம் இதன் கணக்கில் வரும். ஆகவே வாள் ஐந்து காட்டும் சண்டை பெரும்பாலும் வாய்ச்சண்டைதான். சொன்ன ஒரு வார்த்தை, எழுதின ஒரு மெசேஜ், எல்லார் எதிரிலும் வைத்த ஒரு குத்தல்.

15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காக உருவானதுதான் டாரட். குறி பார்க்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில்தான் பெரிதாகப் பரவியது. மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் வாள் ஐந்து என்றால் வளைந்த நான்கு வாள்களும் நடுவே நேரான ஒரு வாளும்தான், ஆள் யாரும் இல்லை. இன்று நாம் பார்க்கும் காட்சியை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். மறைஞான எழுத்தாளர் ஏ. இ. வெயிட்டுடன் சேர்ந்து அவர் செய்த கட்டு 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வழியாக வெளிவந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் படத்தை வைத்துத்தான்.

படி 1: அர்த்தத்தைத் தேடும் முன் படத்தைப் பாருங்கள்

கார்டை எடுத்தவுடன் அர்த்தப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். முன்னால் ஒருவன் நிற்கிறான். இடது தோளில் இரண்டு வாள்களைச் சாய்த்திருக்கிறான், வலது கையில் ஒரு வாள், அதன் நுனி தரையைப் பார்க்கிறது. இன்னும் இரண்டு வாள்கள் அவன் காலடியில் கிடக்கின்றன. பின்னால் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். அதில் தூரத்தில், தண்ணீர் ஓரத்தில் இருப்பவர் முகத்தைக் கைகளில் புதைத்திருக்கிறார். வானத்தில் மேகங்கள் கிழிந்த துணி போலக் கூராக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது முன்னால் நிற்பவனின் தலையைக் கவனியுங்கள். ஜெயித்தவன் முன்னே பார்த்து நடக்க வேண்டியதுதானே? இவன் திரும்பி, போகிறவர்களையே பார்க்கிறான். வெயிட் இதை ஏளனப் பார்வை என்றே எழுதியிருக்கிறார். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஏளனம் செய்வதற்குக்கூட அவனுக்கு அவர்கள் தேவைப்படுகிறார்கள். உறவு அறுந்துவிட்டது என்று சொல்பவர் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது முழுதாக அறுந்துவிடவில்லை. சமாதானத்துக்கான முதல் இழை எனக்கு இந்தத் தலைத் திருப்பலில்தான் தெரிகிறது.

அடுத்தது அந்த இரண்டு வாள்கள். ஐந்தையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்க முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டானா, இனிமேல்தான் குனியப்போகிறானா என்பதைப் படம் சொல்லாது. வாசிப்பவர் யூகிக்க வேண்டும். இனி வரும் படிகளில் இந்த இரண்டு வாள் மறுபடியும் வரும், ஆகவே இதை மறக்காதீர்கள்.

படி 2: இந்த மூன்று பேரில் நீங்கள் யார்?

வாசிப்பு தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான். கேள்வி கேட்பவர் தன்னை அழுகிறவராகவும், எதிராளியை வாளோடு நிற்பவராகவும் எடுத்துக்கொள்வார். கேட்காமலே அப்படித்தான் எடுத்துக்கொள்வார். மூன்று இடத்திலும் ஒருமுறை நின்று பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கே பார்ப்பதாக இருந்தாலும்.

வாளோடு நிற்பவர் நீங்கள் என்றால்: வாதத்தில் நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். கார்டு உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. சரியானதைச் சொல்லி ஒருவரை எழுந்து போகவைத்தீர்கள் என்கிறது. சமாதானத்துக்கு முதல் அடி வைக்க வேண்டியது உங்கள் பக்கம். ஆயுதம் உங்கள் கையில் இருக்கும்போது அவர்தான் முதலில் வரட்டும் என்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

நடுவில் போகிறவர் நீங்கள் என்றால்: அழவில்லை, கெஞ்சவில்லை, வாளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். இது தோல்வியாகவும் இருக்கலாம், விவேகமாகவும் இருக்கலாம். வாதம் செய்து பயனில்லாத ஒருவரிடமிருந்து விலகுவது கோழைத்தனம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: அமைதிக்காகப் போகிறீர்களா, அவர் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட வேண்டும் என்பதற்காகப் போகிறீர்களா?

தூரத்தில் முகம் புதைத்தவர்: இவரைப் பெரும்பாலானவர்கள் தோற்ற கட்சியில் இன்னொருவர் என்று கடந்துவிடுகிறார்கள். நான் இவரை இடையில் மாட்டிக்கொண்டவராக வாசிப்பேன். பெற்றோர் சண்டையில் பிள்ளை, இரண்டு நண்பர்கள் முறைத்துக்கொண்டதில் பொதுவான மூன்றாவது நண்பர், இரண்டு மேலாளர்களின் போட்டியில் கீழே வேலை பார்ப்பவர். சண்டை போட்ட இருவரும் சமாதானமாகிவிட்டாலும் இவரிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்பதில்லை. வாசிப்பில் இந்த ஆள் யார் என்று பெயர் தெரிந்துவிட்டால், அவரையும் சமாதானப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

படி 3: ஐந்து என்ற எண்ணையும் அண்டை எண்களையும் சேர்த்துப் பாருங்கள்

மைனர் ஆர்க்கனாவில் நான்கு என்பது நிலைத்து நிற்பது, ஐந்து அந்த நிலை குலைவது, ஆறு மறுபடி சமன்படுவது. நான்கு குலங்களிலும் ஐந்து தொந்தரவுதான். கோல் ஐந்தில் ஐந்து பேர் கோல்களைச் சுழற்றி மோதிக்கொள்கிறார்கள், யாருக்கும் காயமில்லை. கோப்பை ஐந்தில் மூன்று கோப்பைகள் கவிழ்ந்திருக்க, இரண்டு நிற்கின்றன. நாணயம் ஐந்தில் பனியில் இரண்டு ஏழைகள் ஒளிரும் ஜன்னலைத் தாண்டிப் போகிறார்கள். கோப்பை ஐந்திலும் வாள் ஐந்திலும் அதே மூன்று-இரண்டு கணக்கு இருப்பதைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால், ஜெயித்ததையும் தோற்றதையும் பேசியே மீதமிருக்கும் இரண்டைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாள் வரிசையிலேயே பார்த்தால் முன்னால் வாள் நான்கு, போர்வீரன் கிடத்தப்பட்ட நிலையில் ஓய்வு. பின்னால் வாள் ஆறு, படகில் ஒருவர் துடுப்புப் போட, ஒரு பெண்ணும் குழந்தையும் மறுகரைக்குப் போகிறார்கள். ஆறு வாள்களும் அதே படகில்தான் குத்தி நிற்கின்றன. காயம் இல்லாததுபோல நடிக்காமல், அதையும் ஏற்றிக்கொண்டு போகும் பயணம் அது. வாள் ஐந்துக்கு அடுத்த இடத்தில் வாள் ஆறு விழுந்தால் நிலைமை தணியப்போகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். வாள் ஏழு விழுந்தால் யாரோ ஒருவர் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அதிலும் ஒருவன் ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு இரண்டை விட்டுவிட்டுப் பதுங்கிப் போகிறான்.

கோள்களைச் சேர்த்து வாசிப்பவர்களுக்கு: 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான சங்கத்தின் முறையில் இந்தக் கார்டு கும்பத்தில் இருக்கும் சுக்கிரன், பெயர் 'தோல்வியின் அதிபதி'. அன்பின் கோள், எட்டி நின்று யோசிக்கும் ராசியில். பாசம் உண்டு, ஆனால் அதைவிட என் கொள்கை பெரிது என்கிற மனநிலை. பிணக்குகளில் பாதி இந்த வகைதான். அதே முறையில் ஜனவரி 20ஐ ஒட்டித் தொடங்கும் பத்து நாட்கள் இதற்குரிய காலம் என்பார்கள். தேதி சொல்ல இதைப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 4: நேராகவா, தலைகீழாகவா?

தலைகீழ் வாள் ஐந்து என்றால் சமாதானம் என்று பல குறிப்புகளில் போட்டிருக்கும். இது பிற்காலத்தில் வந்த வாசிப்பு. வெயிட் நேருக்கு அழிவு, அவமானம், இழப்பு என்று அடுக்கிவிட்டு, தலைகீழுக்கும் அதேதான் என்று எழுதி, கூடவே இறுதிச் சடங்கையும் சேர்த்திருக்கிறார். மறைஞானி அலெய்ஸ்டர் குரோலியின் வழிகாட்டலில் ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டிலும் இதற்குத் 'தோல்வி' என்றுதான் பெயர். அதனால் கார்டு திரும்பி விழுந்ததை மட்டும் வைத்து "எல்லாம் சரியாகிவிடும்" என்று யாருக்கும் சொல்லிவிட வேண்டாம்.

ஆனாலும் சமாதான வாசிப்பைத் தூக்கிப் போடவும் தேவையில்லை. கார்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் வாள்கள் பிடியிலிருந்து நழுவுவது மாதிரி இருக்கும். அதை இரண்டு விதமாக எடுக்கலாம். ஒன்று, பிடியைத் தளர்த்துவது: கோபம் அலுத்துப்போய்விட்டது, பேசினால் பரவாயில்லை என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது. இன்னொன்று, சண்டை வெளியே தெரியாமல் உள்ளே போனது: சிரித்துப் பேசுகிறார்கள், ஆனால் அந்த விஷயத்தைத் தொட்டால் அறையே குளிர்ந்துவிடும். எது என்பதைப் பக்கத்துக் கார்டுகள்தான் முடிவு செய்யும். பக்கத்தில் கோப்பை ஆறு, நிதானம், வலிமை, தீர்ப்பு வந்தால் முதலாவது. நிலா, வாள் ஏழு, நாணயம் நான்கு வந்தால் இரண்டாவது. நீதி வந்தால் பாசப் பேச்சுக்கு முன் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது, அது பணமாகவும் இருக்கலாம், ஒப்புக்கொள்ள வேண்டிய தவறாகவும் இருக்கலாம்.

தலைகீழ் பார்க்காதவர் என்றால் கவலை வேண்டாம், அண்டைக் கார்டுகளே போதும்.

படி 5: வாள்களை வைத்தே ஒரு விரிப்பு

விரிப்பு என்றால் கார்டுகளை இடம் பிரித்து அடுக்கி வாசிக்கும் முறை; பிணக்கு கேள்விகளுக்கு நான் பரிந்துரைப்பது இது. வாள் ஐந்தைக் கட்டிலிருந்து தேடி எடுத்து நடுவில், முகம் தெரிய வையுங்கள். மீதியைக் கலைத்து ஐந்து கார்டுகள் எடுத்து அதைச் சுற்றி வையுங்கள். ஒவ்வொன்றும் படத்திலுள்ள ஒரு வாள். முதல் இரண்டும் தோளில் இருப்பவை: இந்தச் சண்டையில் எனக்குக் கிடைத்தது என்ன, பழைய சண்டைகளிலிருந்து நான் சுமந்துவந்தது என்ன. மூன்றாவது கையில் இருப்பது: இன்னும் நான் கீழே வைக்காத ஆயுதம். நான்காவதும் ஐந்தாவதும் தரையில் கிடப்பவை: அவர் இழந்தது என்ன, அதில் நான் எடுத்துத் திருப்பித் தரக்கூடியது என்ன.

கேள்வியையும் இதற்கு ஏற்றாற்போல வையுங்கள். "அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பாரா?" என்பது அடுத்தவர் மனசுக்குள் எட்டிப்பார்ப்பது. "இந்தப் பேச்சு மறுபடி தொடங்க என் பக்கத்தில் என்ன மாற வேண்டும்?" என்று கேட்டால் கார்டுகள் தெளிவாகப் பேசும்.

ஒரு கற்பனை உதாரணம். இரண்டு சகோதரிகள். அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது தங்கை, தொலைவிலிருந்து பணம் அனுப்புவது அக்கா. குடும்பத்தார் எல்லாரும் இருந்த வீடியோ காலில் தங்கை, "பணம் அனுப்பிட்டா மகளாயிடுவியா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் தங்கை பக்கம் பேசினார்கள். அக்கா அழைப்பிலிருந்து வெளியேறினாள், அதோடு பேச்சு நின்றது. கேள்வி கேட்பது தங்கை.

முதல் இடத்தில் கோல் ஆறு: குதிரை மேல் வெற்றி மாலையோடு ஊர்வலம், சுற்றிலும் கூட்டம். அன்று அவளுக்குக் கிடைத்தது உறவினர்களின் கைதட்டல். இரண்டாவது நாணயம் ஐந்து: வெளியே பனியில் நிற்கும் உணர்வு. பல வருடமாகத் தனியாகவே சுமக்கிறேன் என்ற குறை, அந்த வீடியோ காலுக்கு வெகு முன்பே இருந்தது. மூன்றாவது வாள் ராணி. இது சுலபம், அவளுடைய கூர்மையான நாக்கு. ஆனால் ராணியின் ஒரு கை வாளை நிமிர்த்திப் பிடித்திருக்க, இன்னொரு கை முன்னே நீண்டிருக்கிறது. தெளிவாகப் பேசத் தெரிந்த அதே வாயால் கூப்பிடவும் முடியும். நான்காவது கோப்பை ஆறு: சிறுவயது, பூ நிறைந்த கோப்பையை ஒரு குழந்தை இன்னொன்றுக்கு நீட்டுகிறது. அக்கா இழந்தது மரியாதையை மட்டுமா? தங்கச்சி எப்போதும் என் பக்கம் நிற்பாள் என்ற சின்ன வயது நம்பிக்கையையும் சேர்த்துத்தான்.

ஐந்தாவது நாணயம் ஆறு. தராசைப் பிடித்துக்கொண்டு ஒரு வணிகர் கீழே இருக்கும் இருவருக்கு நாணயம் கொடுக்கிறார். இந்த வாசிப்பின் சாவி இதுதான். அக்கா அனுப்பும் பணமும் பராமரிப்பில் ஒரு பங்கு என்று தங்கை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. திருப்பித் தர வேண்டியது அந்த அங்கீகாரம். கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு: படத்தில் கொடுப்பவர் மேலே நிற்கிறார், வாங்குபவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். 'போனால் போகிறது, மன்னித்துவிட்டேன்' என்கிற தொனி வந்துவிட்டால் கொடுத்ததும் வீண்.

படி 6: கார்டிலிருந்து பேச்சுக்கு

வாசிப்பு முடிந்தபின் ஒரு காரியமாவது செய்யாவிட்டால் இத்தனையும் பொழுதுபோக்குதான். சரி, அந்தத் தங்கை என்ன அனுப்பலாம்?

"அக்கா, நீ தப்பா எடுத்துக்கிட்டிருந்தா ஸாரி. ஆனா நான் சொன்னதுல உண்மை இல்லையா?" இதில் மன்னிப்பு என்ற சொல் இருக்கிறது, வாளும் கையிலேயே இருக்கிறது. 'எடுத்துக்கிட்டிருந்தா' என்றதும் தவறு அக்கா பக்கம் போய்விட்டது, 'ஆனா' வந்ததும் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது.

"அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அப்பாவோட மருந்து, நர்ஸ் செலவு எல்லாம் உன் பணத்துலதான் ஓடுது, அதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை. உனக்கு எப்போ பேசணும்னு தோணுதோ அப்போ பேசு." இது வேறு. எந்தச் செயல் தவறு என்று பெயர் சொல்கிறது, அக்கா இழந்ததைத் திருப்பித் தருகிறது, பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. தான் தனியாகச் சுமக்கும் குறையை இதில் சேர்க்காததையும் கவனியுங்கள். அது நியாயமான குறைதான், பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் அதற்கு இரண்டாவது பேச்சு இருக்கிறது. காயப்படுத்தியது எல்லார் முன்னாலும் என்பதால், அந்த நர்ஸ் செலவு விஷயத்தைத் தங்கை உறவினர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கும். தனிமையில் கேட்ட மன்னிப்பு கூட்டத்தில் போன மரியாதையை முழுசாக மீட்டுத் தராது.

சமாதானம் வேண்டாத இடம்

அடி, மிரட்டல், கண்காணிப்பு, பணத்தைப் பிடுங்குவது, இப்படி ஒருவர் தொடர்ந்து துன்புறுத்தும் உறவில் வாள் ஐந்து வந்தால், தலைகீழாக விழுந்தாலும், சேர்ந்து வாழச் சொல்லும் கார்டாக அதை வாசிக்கக் கூடாது. அங்கே சரியான காரியம் செய்பவர்கள் முதுகைக் காட்டி நடக்கும் அந்த இருவர்தான். வாளைப் பிடித்தவன் திரும்பிப் பார்ப்பது அங்கே பாசம் ஆகாது. சாத்தானோ கோபுரமோ வாள் எட்டோ கூட வந்தால் வாசிப்பை அதோடு நிறுத்திவிட்டு, நம்பகமான ஒருவரிடமோ உதவி அமைப்பிடமோ பேசச் சொல்லுங்கள்.

வழக்கு, பங்குப் பிரிவினை, தொழில் கூட்டு முறிவு பற்றிய கேள்விகளுக்கு இந்தக் கார்டு தீர்ப்பு சொல்லாது. ஜெயிக்க எவ்வளவு செலவு, எத்தனை உறவு என்று கணக்குப் போடச் சொல்லும், அவ்வளவுதான். மற்றது வக்கீலின் வேலை. ஆமாம்-இல்லை கேள்விக்கு எடுத்தால் பெரும்பாலானவர்கள் 'இல்லை' என்றே வாசிப்பார்கள், நானும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பிடித்த பதில் வரும்வரை ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பக் கார்டு எடுக்கும் ஆசை இந்த விஷயத்தில் அதிகமாகவே வரும். விரிப்பைப் படம் எடுத்து, ஐந்து இடத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுக் கட்டை மூடிவிடுங்கள். மெசேஜ் போன பிறகு, பதில் வந்தாலும் வராவிட்டாலும், சில வாரம் கழித்து அதே குறிப்பை எடுத்து மூன்றாவது இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள். அந்த ஆயுதம் இப்போது கையில் இல்லை என்றால் புதிதாக விரித்துப் பார்க்கலாம்.